ஆறாத இளைப்பு

நம் நாட்டுத் தமிழிலே உத்தியோகத்திலிருந்து விலகி வீடு வருபவரை 'இளைப்பாறியவர்' என்று வழங்குகின்றோம். அவருக்குக் கிடைக்கும் வேதனத்தை இளைப்பாற்றுச் சம்பளம் என்கின்றோம். நெடுங்காலம் உழைத்தவனுக்கு இளைப்பு உண்டு. அவ்விளைப்பு ஆறுவதற்கு ஓரிடமும், ஒரு காலமும், ஒரு பிடி சோறும் வேண்டும். அவற்றை அவனுடைய உழைப்பைப் பெற்றவர்களே கொடுத்தல் வேண்டும் என்னும் நீதி அந்த ஒரு சொல்லுக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றது. பென்ஷன் என்னும் சொல்லுக்கு இத்துணைப் பொருளாழம் இல்லை. அது பணம் நிறுத்துக் கொடுத்தலைக் குறித்த இலத்தீன் சொல்லொன்றின் வழிவந்தது, அவ்வளவே.

ஆயின், ஆறவே ஆறாத இளைப்பு என்று ஒன்று உண்டாயின் என் செய்வது? படுத்தாலும் தீராது, உறங்கி எழுந்தாலும் குறையாது, ஒரு நாழிகை நடந்தால் மறுநாளும் அதற்கு மறுநாளும் எழவொட்டாது கிடத்திவிடும் ஓர் அயர்ச்சி. அத்தகைய இளைப்பை உடலிற் சுமந்துகொண்டு, அதற்கு ஈடு வேண்டித் தம் அரசாங்கத்தின் வாயிலிலே நிற்கின்றனர் ஐக்கிய அமெரிக்காவின் முன்னாட் படைவீரர் பலர். அவர்களது வழக்கை வெறும் பணவழக்கென்று நான் கருதவில்லை. கண்ணுக்குத் தெரியாத துன்பத்தை ஓர் அரசு நம்புமா, நம்பாதா என்பதே அதன் உட்கிடை. தூரதேசத்துச் சங்கதி நமக்கெதற்கு என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்து மேலே வாசிப்பார்களாக.

அந்நோய்க்கு 'நாட்பட்ட களைப்பு நோய்' என்று வைத்தியர் பெயரிட்டுள்ளனர். இப்பெயர் 1988ஆம் ஆண்டிலே அமெரிக்க அறிஞர் சிலர் வகுத்த வரைவிலக்கணத்தோடு வழக்கில் வந்தது. நோயோ அதற்கு முற்பட்டது. 1955ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்து றோயல் பிறீ ஆஸ்பத்திரியின் ஊழியர்களே பெருந்தொகையாக நோயுற்று, ஆஸ்பத்திரியைச் சில மாதம் மூடிவைக்க நேர்ந்தது. அப்போது அதற்கு மூளையையும் தசைகளையும் சுட்டும் வேறொரு நீண்ட பெயர் இடப்பட்டது. இன்று இரு பெயரையும் இணைத்தே ஆராய்ச்சியாளர் வழங்குகின்றனர்.

நோயின் பெயரே நோயாளிக்கு முதற்பகையாயிற்று என்பேன். களைப்பு என்பதை அறியாதவர் யார்? எல்லாருக்கும் தெரிந்த சொல்லாதலால், எல்லாரும் அந்நோயைத் தாம் அறிந்ததாகவே எண்ணிவிடுகின்றனர். "எனக்குந்தான் களைப்பு" என்று எளிதாகச் சொல்லி அப்பாற் போய்விடுகின்றனர். காசநோய்க்கு 'நாட்பட்ட இருமல்' என்று மாத்திரம் பெயரிட்டிருந்தால், அதை அஞ்சி ஆஸ்பத்திரி கட்டியிருப்பார் எவர்? 2015ஆம் ஆண்டிலே அமெரிக்க வைத்திய நிறுவகத்தின் அறிஞர் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்நோய் உடலைப் பற்றிய மெய்யான நோயே என்று அது அறுதியிட்டது. உடலாலோ மூளையாலோ முயன்ற பின்னர் நிலைமை மோசமடைதலே இதன் தலையாய குறி என்று கூறி, அக்குறியையே சுட்டும் புதுப்பெயரொன்றையும் முன்மொழிந்தது. அமெரிக்காவில் 8 லட்சத்து 36 ஆயிரம் முதல் 25 லட்சம் வரையிலான மக்கள் இந்நோயுடையோர் என்றும், அவர்களுட் பெரும்பாலோர்க்கு நோய் இன்னதென்று எவரும் சொல்லவில்லை என்றும் அவ்வறிக்கை மதிப்பிட்டது.

நிற்க. போர்முனையிலிருந்து மீண்டவருக்குக் காரணம் தெரியாத அயர்ச்சி உண்டாதல் இக்காலத்துப் புதுமையன்று. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்திலே பிலடெல்பியா நகரத்துப் படை ஆஸ்பத்திரியொன்றிற் கடமையாற்றிய ட கொஸ்தா என்னும் வைத்தியர், சிறு முயற்சிக்கும் மூச்சுத் திணறி, நெஞ்சு படபடத்து, சோர்ந்து விழும் போர்வீரர் பலரைக் கண்டார். காயமில்லை, காய்ச்சல் தணிந்துவிட்டது, இருதயத்திலும் பழுது தெரியவில்லை. அவர் 1871ஆம் ஆண்டில் அவர்களைப்பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகின்றது. முதலாம் உலகப்போரில் அதையொத்த நிலை பிரித்தானியப் படையிற் பல்லாயிரவருக்கு ஏற்பட்டது. சேர் தோமஸ் லூயிஸ் 1918ஆம் ஆண்டில் அதுபற்றி ஒரு நூலே எழுதி, 'முயற்சி நோய்' என்று அதற்குப் பெயருமிட்டார். அன்றைய நோயும் இன்றைய நோயும் ஒன்றே எனச் சாதிப்பது என் கருத்தன்று. ஒவ்வொரு போருக்குப் பின்னரும் காயமில்லாத நோயாளர் ஒரு கூட்டத்தார் வந்து நிற்பதும், அவர்களை எந்த ஏட்டிற் பதிவது என்று தெரியாமல் எழுதுவினைஞர் விழிப்பதும் நூற்றைம்பது ஆண்டு வரலாறு என்பதே நான் காட்ட வேண்டியது.

இனி, வளைகுடாப் போருக்கு வருவோம். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆந் திகதி ஈராக்கியப் படை குவைத்துக்குட் புகுந்தது. 1991ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி வான்போர் தொடங்கியது. பெப்ரவரி 24ஆந் திகதி தொடங்கிய தரைப்போர் 100 மணித்தியாலத்துள் முடிந்தது. ஏறத்தாழ 7 லட்சம் அமெரிக்கப் படையினர் அப்பாலைவனத்திற்குச் சென்றிருந்தனர். மாண்டவர் தொகை சிறிதே. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வாஷிங்டனிலும் நியூ யோர்க்கிலும் வெற்றி ஊர்வலங்கள் நடந்தன. ஊர்வலத்தின் ஓசை அடங்கிச் சில காலத்துக்குள்ளேயே, வீடு திரும்பியவருட் பலர் நோயென்று சொல்லத் தலைப்பட்டனர். ஓயாத களைப்பு, மூட்டுநோவு, மறதி, தலைவலி, உறக்கமின்மை, வயிற்றுக்கோளாறு ஆகியவை ஒன்றோடொன்று கலந்து வந்தன.

அவர்கள் எவற்றினூடாக மீண்டு வந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தீயிடப்பட்ட 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளின் கரும்புகை வானத்தை மறைத்தது. கடைசிக் கிணற்றின் நெருப்பு 1991ஆம் ஆண்டு நவம்பரிலேதான் அணைந்தது. பூச்சிகொல்லி மருந்துகள் கூடாரத்திலும் உடையிலும் தெளிக்கப்பட்டன. நரம்பு நச்சிலிருந்து காப்பதற்கென்று பிரிடோஸ்ரிக்மீன் என்னும் மாத்திரைகள் வழங்கப்பட்டன. அந்த நோக்கத்துக்கு அம்மாத்திரை அப்போது பரீட்சார்த்த நிலையில் இருந்த ஒன்று. ஆயினும் போர்க்களத்திற் படைவீரரது சம்மதம் கேளாமலே கொடுக்கலாம் என்று 1990ஆம் ஆண்டு டிசம்பரில் விதியொன்று ஆக்கப்பட்டது. போர் முடிந்தபின் 1991ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கமிசியா என்னுமிடத்து ஈராக்கிய ஆயுதக் களஞ்சியத்தை அமெரிக்கப் படையினரே வெடிவைத்துத் தகர்த்தனர். அங்கே சாரின் என்னும் நரம்பு நச்சு நிரப்பிய குண்டுகள் இருந்தன. இவ்வுண்மையை அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் 1996ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேதான் வெளிப்பட ஒப்புக்கொண்டது. ஒரு லட்சம் வீரர்வரை அந்நச்சின் சிறு அளவுக்கு ஆளாகியிருக்கலாம் என்று பின்னர் கணக்கிட்டது.

ஐந்தாண்டு! அந்த ஐந்தாண்டும் நோயுற்ற வீரன் தன் வைத்தியரிடம் என்ன காரணம் சொல்லியிருப்பான்? தான் எதைச் சுவாசித்தான் என்பதே அவனுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வசதி இருந்தவர் அவனிடமே அத்தாட்சி கேட்டனர். இவ்விடத்திலேதான் என் வாதத்தின் அடிக்கல் இருக்கின்றது. ஒருவனைக் கட்டளையிட்டு ஓரிடத்துக்கு அனுப்பி, கட்டளையிட்டு ஒரு மாத்திரையை விழுங்கச் செய்து, எந்நாளில் எவருக்கு எத்தனை கொடுத்தோம் என்ற குறிப்பையும் ஒழுங்காக வையாது விட்டவர், பின்னர் அவன் நோயோடு வரும்போது, 'காரணத்தை நீயே நிரூபி' என்பது நீதியாகாது. அத்தாட்சி எவர் கையில் இருந்திருக்க வேண்டுமோ, அவர்மேலேயே நிரூபணச் சுமையும் இருத்தல் வேண்டும்.

இந்நியாயத்தை அமெரிக்கச் சட்டமும் ஒருவாறு ஏற்றுக்கொண்டது என்பதை மறைத்தல் ஆகாது. வியட்நாம் போரிலே தெளிக்கப்பட்ட 'ஏஜன்ட் ஒறேஞ்' நச்சுமருந்தின்பொருட்டு 1991ஆம் ஆண்டிற் செய்த சட்டம், சில நோய்கள் அப்போர்ச் சேவையால் விளைந்தன என்றே கொள்ளப்படும் என்ற அனுமானத்தை வகுத்தது. 1994ஆம் ஆண்டில் வளைகுடா வீரருக்கும் அதுபோன்ற சட்டம் வந்தது. இன்ன நோயென்று வைத்தியராற் பெயரிட முடியாத நோய்க்கும் நட்டஈடு கொடுக்கலாம் என்று அது கூறியது. 2001ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் நாட்பட்ட களைப்பு நோயைப் பெயர்சொல்லியே சேர்த்தது. 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆந் திகதிக்குப் பின்னர் அப்பிரதேசத்திற் சேவைசெய்த ஒருவருக்கு இந்நோய் ஆறு மாதம் நீடித்திருப்பின், அது சேவையால் வந்ததே என்று சட்டம் அனுமானிக்கும். நோய் இன்ன ஆண்டுக்குள் தோன்றியிருத்தல் வேண்டும் என்ற காலவெல்லை பலமுறை நீட்டப்பட்டு, 2022ஆம் ஆண்டின் சட்டத்தால் அறவே நீக்கப்பட்டது.

அந்நாட்டில் முன்னாட் படைவீரரின் உரிமைக்குரல் எவ்வளவு காலம் அடைபட்டுக் கிடந்தது என்பதையும் ஈண்டுச் சொல்லவேண்டும். ஈட்டுவிண்ணப்பம் செய்யும் வீரனுக்காக வாதாடும் வழக்கறிஞர் பெறக்கூடிய கட்டணம் 10 டொலருக்கு மேற்படலாகாது என்று 1864ஆம் ஆண்டில் ஒரு விதி செய்தனர். வீரரை ஏய்த்துப் பணம் பறிப்போரைத் தடுக்கவே அவ்விதி எழுந்தது. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது மாறாமலே நின்றது. 1985ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றமும் அதைச் செல்லுமென்றே தீர்த்தது. 1988ஆம் ஆண்டின் சட்டமே அந்நிலையை மாற்றி, திணைக்களத்தின் தீர்ப்பை எதிர்த்துச் செல்வதற்கென ஒரு நீதிமன்றத்தையும் அமைத்தது. அந்நீதிமன்றம் 1990ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பொன்று நினைவில் வைக்கத்தக்கது. சார்பான சான்றும் எதிரான சான்றும் ஏறக்குறையச் சமமாயிருப்பின், ஐயத்தின் பயன் வீரனுக்கே உரியது என்ற சட்டவிதியை அது விளக்கியது. கிரிக்கெட் பார்க்கும் நம் மாணவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. நடுவருக்கு ஐயமெழுந்தால் மட்டைபிடிப்பவர் ஆட்டமிழப்பதில்லையன்றோ?

சட்டம் இவ்வாறு நல்லதாயிருக்க, குறை எங்கே என்று கேட்கலாம். குறை சட்டத்திற்கும் மேசைக்கும் இடையிலுள்ள தூரத்திலே கிடக்கின்றது. 2017ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரஸின் கணக்காய்வு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வளைகுடாப் போர் நோய்களுக்கான கோரிக்கைகளுள் 2015ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டவை ஏறத்தாழ 17 சதவீதமே என்று அது கண்டது. மற்றை ஊனங்களுக்கான கோரிக்கைகள் ஏற்கப்பட்ட அளவில் இது மூன்றிலொரு பங்கு. தீர்ப்புச் சொல்லவும் சராசரி நான்கு மாதம் கூடுதலாகச் சென்றது. அவ்வாண்டு பெப்ரவரிவரை, இந்நோய்களைப்பற்றிய பயிற்சியைப் பெற்றிருந்த பரிசோதனை வைத்தியர் நூற்றுக்குப் பத்துப்பேரே. தெரியாத நோயைத் தெரியாதவர் பரிசோதித்தால் 'ஒன்றுமில்லை' என்ற முடிவன்றி வேறென்ன வரும்?

அச்சட்டத்தின் வாசகங்களைப் பல நாள் இருந்து ஊன்றி வாசித்தேன். அவற்றுள் மூன்று இடங்கள் என்னை வருத்தின.

முதலாவது, பரிசோதனை நாள். நோயென்று தீர்ப்பதற்குப் பத்துக் குறிகளை விதி அடுக்கி, அவற்றுள் ஆறேனும் இருத்தல் வேண்டும் என்கின்றது. அவற்றுள் ஒன்று, முயற்சிக்குப் பின் 24 மணித்தியாலமோ அதற்கு மேலோ நீடிக்கும் களைப்பு. இதனை ஒரு மணித்தியாலப் பரிசோதனையில் எந்த வைத்தியர் எங்ஙனம் காண்பார்? நோயாளி பரிசோதனைக்கு வருவதற்காகவே சில நாள் அசையாது கிடந்து பலத்தைச் சேமிக்கின்றான். குளித்து, உடுத்து, நேரத்துக்கு வந்து, கேட்டதற்கு மறுமொழி கூறுகின்றான். 'நன்றாக நடக்கின்றார், தெளிவாகப் பேசுகின்றார்' என்று குறிப்பெழுதுகின்றனர். அவன் வீடு சென்று மூன்று நாள் இருட்டறையிற் கிடப்பதை எழுதுவார் ஒருவருமில்லை. நோய் வெளிப்படும் வேளையிலே நோயாளி எவர் கண்ணிலும் படுவதில்லை. எவர் கண்ணிலாவது படும் வேளையிலே நோய் வெளிப்படுவதில்லை.

இரண்டாவது, படுக்கையைப்பற்றிய விதி. இந்நோய்க்குரிய ஈட்டுப்படிகள் 10, 20, 40, 60, 100 சதவீதமென ஐந்து. நோய் ஏறியும் இறங்கியும் வருவதாயின், ஆண்டில் எத்தனை வாரம் செயலற்றுக் கிடந்தான் என்பதைக்கொண்டு 60 சதவீதம் வரையிலான படியைத் தீர்மானிக்கின்றனர். ஆனால் வைத்தியர் விதித்த படுக்கையும் சிகிச்சையுமே செயலற்ற காலமாகக் கணக்கிற் கொள்ளப்படும். எழுந்து வைத்தியரிடம் போக முடியாமையன்றோ நோய்? போனாலும், தீர்க்கும் மருந்து இன்னும் காணப்படாத நோய்க்கு அவர் என்ன விதிப்பார்? 'நான்கு வாரம் படுத்திரு' என்று கடதாசியில் எழுதிக் கொடுப்பவர் எத்தனை பேர்? ஆகவே, மிகக் கடுமையாய்க் கிடந்தவனுடைய ஏடே மிக வெறுமையாய் இருக்கக் காண்கின்றோம்.

மூன்றாவது, விலக்கு விதி. களைப்பை உண்டாக்கும் பிற நோய்கள் இல்லையென்று பரிசோதித்துக் காட்டல் வேண்டும். இது வைத்திய நெறிக்கு ஒத்ததே. குருதிச்சோகையையோ, கண்டச்சுரப்பிக் குறைவையோ கவனியாது விடல் ஆகாது. ஆயின், பத்தாண்டு உழைப்பிழந்து, நண்பரிழந்து, வீட்டாருக்குப் பாரமாயினோம் என்ற எண்ணத்தோடு வாழ்பவனுக்கு மனத்தளர்ச்சி வருவது இயல்பன்றோ? அத்தளர்ச்சியைக் கண்டவுடன், 'இதோ காரணம்' என்று அதையே சுட்டிக் கோரிக்கையைத் தள்ளுவதற்கு விலக்கு விதி வழி திறந்துவிடுகின்றது. விளைவைப் பிடித்துக் காரணமாக நிறுத்துவது தருக்கநூல் கற்றார் செய்யத்தக்கதன்று.

இம்மூன்றுக்கும் மேலாக, கோரிக்கை செய்தலே ஓர் உழைப்பாய் இருக்கின்றது. படிவங்கள், வைத்தியக் குறிப்புகள், சேவைப் பதிவுகள், குறித்த நாளுக்குட் பதில்கள். மறுக்கப்பட்டால் ஓராண்டுக்குள் மூன்று வழிகளுள் ஒன்றைத் தெரிந்து மேலும் முறையிடல் வேண்டும். நினைவு மங்குதலையே நோயின் குறியாக உடையவனிடம் இருபது ஆண்டுக்கு முந்திய நாட்களை வரிசையாகக் கேட்கின்றனர். உழைக்க முடியாமையை நிரூபிக்க அவன் உழைக்க வேண்டியிருக்கின்றது. உழைத்து நிரூபித்துவிட்டாலோ, 'இவ்வளவு செய்தவருக்கு இன்னும் செய்ய இயலுமே' என்ற ஐயம் எழுகின்றது.

இவற்றையெல்லாம் என் நண்பரொருவரிடம் சொன்னேன். அவரும் என்னைப்போல் ஆசிரியராய் இருந்தவர், கணக்கிற் கெட்டிக்காரர். "மாஸ்ரர், களைப்புக்குக் காசு குடுக்கத் தொடங்கினால், வயலிலை நிக்கிறவனுக்கும் கடலுக்குப் போறவனுக்கும் ஆர் குடுக்கிறது? நாளைக்கு எல்லாரும் களைப்பெண்டு சொல்லிக்கொண்டு வந்து நிப்பினம்" என்றார். பொதுப்பணத்தைப்பற்றிய இக்கவலை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆதலால் அதற்கு விடை கூறுவது என் கடன்.

வயலில் நிற்பவனுடைய களைப்பு இரவு உறக்கத்தோடு தீர்கின்றது. தீராதாயின் அவனும் நோயாளியே. அவனுக்கும் ஒரு வழி வேண்டும். ஒருவனுக்குக் கொடுக்கவில்லை என்பது மற்றவனுக்கு மறுப்பதற்கு நியாயமாகாது. பொய் சொல்லி வருவோர் இருப்பர் என்பதும் உண்மையே. ஆயின், பழைய உழைப்பு பாதிக்கும் கீழே குறைந்து ஆறு மாதம் சென்றிருத்தல், பிற நோயில்லையெனப் பரிசோதனை, பத்தில் ஆறு குறிகள் என்று வாயில்மேல் வாயிலாகக் கதவுகள் இருக்கின்றன. அவற்றையும் கடந்து ஒரு பொய்யன் உள்ளே வந்துவிட்டால் அரசு இழப்பது பணம். அவனுக்கு அஞ்சிக் கதவை அடைத்து, மெய்யன் ஒருவன் வெளியே நின்றுவிட்டால் அவன் இழப்பது வாழ்வு. இரண்டு பிழைகளுள் ஒன்றைச் செய்தே தீரவேண்டும் என்ற நிலையில், மீளப்பெறக்கூடிய பிழையையே அரசு செய்தல் வேண்டும். பணத்தைத் திரும்பப் பெற வழக்குத் தொடுக்கலாம். ஒருவனுடைய நாற்பதாம் வயதைத் திரும்பக் கொடுக்க எந்த நீதிமன்றத்துக்கும் வல்லமையில்லை.

அப்படியாயின் மெய்யனை எப்படி அறிவது? இவ்வினாவுக்கு விடை அச்சட்டத்துக்குள்ளேயே இருக்கின்றது என்பது என் கருத்து. நோய்க்கு முந்திய நிலையோடு ஒப்பிட்டு, எவ்வளவு குறைந்தான் என்றே விதி அளக்கின்றது. பாதியா, காற்பங்கா என்று கேட்கின்றது. முந்திய நிலையை அறிந்தவர் யார்? பரிசோதனை வைத்தியர் அன்றே அவனை முதன்முதலிற் காண்கின்றார். குருதிப் பரிசோதனைக்கு நேற்று என்பதில்லை. அறிந்தவர் அவனுடைய மனைவி, தாய், உடன் சேவைசெய்தவன், வேலைத்தலத்தில் அருகில் நின்றவன் ஆகியோரே. முன்பு ஒரு பகல் முழுவதும் கூரைமேல் நின்று வேலைசெய்தவர், இப்போது கோப்பை கழுவியபின் படுத்துவிடுகின்றார் என்று மனைவி சொல்லும் ஒரு வாக்கியத்தில் விதி கேட்கும் அளவு முழுவதும் இருக்கின்றது. வைத்தியரல்லாதாரின் சாட்சியத்தையும் ஏற்றுக்கொள்ள அச்சட்டம் இடந்தருகின்றது. இடந்தந்தாற் போதாது, அதற்குத் தலையாய இடமே தருதல் வேண்டும் என்கின்றேன். நாள்தோறும் என்ன செய்தான், மறுநாள் எப்படிக் கிடந்தான் என்று நோயாளி சுருக்கமாக எழுதிவைக்கும் நாட்குறிப்பையும் அங்ஙனமே கொள்ளல் வேண்டும். பயிற்சி பெறாத வைத்தியர் இக்கோரிக்கைகளைப் பரிசோதிக்கலாகாது. ஒருநாட் காட்சியைக்கொண்டு தீர்ப்பெழுதலாகாது. வைத்தியர் விதித்த படுக்கை என்ற நிபந்தனையை நீக்கி, கிடந்த நாட்களையே கணக்கிடல் வேண்டும். இவை பெருஞ்செலவு வேண்டும் காரியங்களல்ல. மனம் வேண்டும் காரியங்கள்.

இலக்கியம் கற்கும் நாம் இதில் ஒன்றை உணர்தல் நலம். போரில் முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றியது பழந்தமிழ் மரபு. புண் பெருமையாயிற்று, புண்பட்டு வீழ்ந்தவன் நடுகல்லாயினான். வெண்ணிப் போரிலே கரிகாலனோடு பொருது, முதுகிற் புண்பட்டமைக்கு நாணி வடக்கிருந்த சேரலாதனையும் புறநானூறு நமக்குக் காட்டுகின்றது. மார்பிற் புண்ணுக்குப் புகழ். முதுகிற் புண்ணுக்கு நாணம். புண்ணே இல்லாமல் மீண்டு, வீட்டுத் திண்ணையிலே மெல்ல மெல்ல ஒடுங்கியவனுக்கு என்ன பெயர்? அவனுக்குத் துறையும் இல்லை; கல்லும் இல்லை. இன்றைய அமெரிக்க மேசையிலே நடப்பதும் ஒருவகையில் இதுவே. தழும்பைக் கண்டால் தலைவணங்குவர். தழும்பில்லையேல் முகத்தைப் பார்ப்பர். வீரத்தைப் புண்ணால் அளக்கும் பழக்கம் அவ்வளவு பழையது, அவ்வளவு பொதுவானது. நம் மரபைப் பழித்தற்காக இதனைக் கூறவில்லை. இன்று எழுதுவோருக்கு இன்னும் பாடப்படாத பொருளொன்று இருக்கின்றது என்று சுட்டவே கூறினேன்.

மேலும், இது தூரதேசத்துச் சங்கதியாக இப்போது இல்லை. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனாப் பெருநோய்க்குப் பின்னர், காய்ச்சல் நீங்கியும் களைப்பு நீங்காதோர் பல நாடுகளிலும் உளர். அவர்களுட் சிலருடைய நோய் மேலே கூறிய நாட்பட்ட களைப்பு நோயின் இலக்கணத்துக்கு முற்றாகப் பொருந்துகின்றது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். அத்தகையோருள் ஒருவர் நாளை நம் வகுப்பறையிலும் இருக்கலாம். ஆசிரியர் அறையிலும் இருக்கலாம். கெட்டிக்காரப் பிள்ளையொன்று காய்ச்சலின்பின் மேசைமேல் தலைசாய்த்துக் கிடக்கும்போது, நமக்கு முதலில் நினைவுக்கு வருவது திருக்குறளின் மடியின்மை அதிகாரம். மடி வேறு, நோய் வேறு. மடியுடையவன் செய்ய இயன்றும் செய்யான். நோயுடையவன் செய்ய விரும்பியும் இயலான். இவ்வேறுபாட்டை அறியும் கருவி எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. அப்பிள்ளை முன்பு எப்படி இருந்தது என்ற ஆசிரியரின் நினைவிலேயே இருக்கின்றது. படிப்பிலிருந்து சிலகாலம் நின்று ஆற விடுவதா, பிரம்பெடுத்து எழுப்புவதா என்பதை அந்நினைவே தீர்மானித்தல் வேண்டும். இந்நோயில் வலிந்து எழுப்புதல் தீங்கு என்பது மேலே கூறியவற்றாற் பெறப்படும்.

உள்நாட்டுப் போர் முடியுந் தறுவாயில், 1865ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆந் திகதி, ஆபிரகாம் லிங்கன் தம் இரண்டாம் பதவியேற்புரையிலே போரின் சுமையைத் தாங்கியவனைப் பேணுதல் நாட்டின் கடன் என்று கூறினார். அவர் சுமையைத் தாங்கியவனைச் சொன்னாரேயன்றி, காயத்தைக் காட்டியவனைச் சொல்லவில்லை. போர் முடிந்து முப்பது ஆண்டுக்கு மேலாகியும் அச்சுமையை இன்னும் இறக்கிவைக்க முடியாதவர் இருக்கின்றனர். அவர்கள் கேட்பது இரக்கமன்று; பரிசுமன்று. "நான் முன்பு இப்படி இருக்கவில்லை" என்ற தங்கள் வார்த்தையை, போருக்குப் போ என்று சொன்ன அதே அரசு நம்பவேண்டும் என்பதே. அன்று அவ்வரசின் வார்த்தையை அவர்கள் நம்பினார்கள்.